சில செல்களில் காணோம்

தொம்மலூரில் கோவிந்தனைத் தெரியாதவர் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் பி.டி.எஸ். என்கிற அரசு டவுன் பஸ் ஓட்டியவர். ரிடையராகிப் பத்து வருஷம் ஆன பிறகும், தெருவில் எதிரே நிற்கிற ஆளை ஹாரன் அடிப்பதுபோல் இருமித்தான் ஒதுக்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் 2002இல், மூலைக்கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கி வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். நகமெல்லாம் வெளுத்துவிட்டது. அவர் மனைவி எல்லம்மா சிவாஜிநகருக்கு அலைந்து ஆட்டு ஈரல் வாங்கி வந்து வறுத்துப் போட்டாள். இரும்புச்சத்து மாத்திரையும் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. ரத்தம் மட்டும் ஏறுவேனா என்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் தீபிகா என்ற சின்ன வயசு டாக்டர் அவர் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார். மஜ்ஜை செல்களில் குரோமோசோம்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். சில வகைக் கோளாறு இருந்தால் பிற்பாடு ரத்தப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுமாம். ரிப்போர்ட் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் எல்லம்மா ஒரு சாமியையும் சும்மா விடவில்லை. விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கும் மெழுகுவத்தி ஏற்றினாள்.

ரிப்போர்ட் வந்த அன்று அவள் மருந்து வரிசையில் நின்றிருந்தாள். அவர் மட்டும் டாக்டர் அறைக்குள் போய்விட்டு வந்து, "ஒண்ணுமில்ல, வா" என்றார். ஒன்றுமில்லாதவன் மூஞ்சி அப்படியா இருக்கும்? வீட்டில் சோற்றை அளைந்தாரே தவிர சாப்பிடவில்லை. ஐந்து நாள் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் இருக்கும் தங்கை முத்தம்மா வீட்டுக்குத் தனியாகக் கிளம்பிவிட்டார். போகப்போகிற மனுஷன் கூடப்பிறந்தவளிடம் சொல்லிக்கொள்ளப் போகிறார் என்றே எல்லம்மா முடிவு கட்டினாள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தீபிகா அவளைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"உங்களைத்தாம்மா தேடிட்டிருந்தேன். கெட்ட கோளாறு ஒண்ணுமே இல்ல. ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோம் சில செல்லுல காணோம், அவ்ளோதான். வயசானா நெறைய பேருக்கு மஜ்ஜையில இப்படி ஆகும். அதை முழுசா சொல்றதுக்குள்ள எழுந்து போய்ட்டார்."

ரத்தம் ஏறாததற்குக் காரணம் வேறாம். அவர் வயிறு பி12 சத்தை வாங்கவில்லை, ஊசி போட்டால் தேறிவிடுவார் என்றார். எல்லம்மா கைகூப்பினாள். எழுந்திருக்கப் போனவளிடம் டாக்டர் கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அந்த ஒய் இல்லையென்றால் பிள்ளை பிறக்காதா என்று. இந்த வயசில் எதற்கு இந்தக் கவலை என்று, தான் யோசிக்காமல் சிரித்துவிட்டதாகச் சொன்னார்.

எல்லம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. யாரும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. குறை அவளுக்குத்தான் என்று முதல் மூன்று வருஷத்திலேயே சொந்தபந்தம் தீர்ப்பு எழுதிவிட்டது. வளைகாப்பு வீடுகளில் முத்தம்மா அவள் கையிலிருந்து ஆரத்தித் தட்டைப் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுப்பாள். கோவிந்தன் ஒருநாளும் மனைவியைக் குத்திப் பேசியதில்லை. ஆனால் தங்கையைப் பார்த்து வாயை மூடு என்றும் சொன்னதில்லை. அது எல்லம்மாவுக்கு இன்றுவரை ஆறாத வலி.

அவர் சாயந்திரம் திரும்பினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"முத்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன், எல்லம்மா. கொறை எங்கிட்டதான், உங்கிட்ட இல்லன்னு. அவ மருமவளுங்க, சம்பந்தி எல்லாரும் இருந்தாங்க. எல்லார் முன்னாலயும்தான் சொன்னேன்."

நாற்பத்தொரு வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய வார்த்தை அது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் ஆசைதான். இருந்தாலும் அவரிடம் பொய்யாக ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அது வயசினால் வந்தது, பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உயிருக்கும் ஆபத்தில்லை என்றாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ கொறை யாருகிட்ட?"

"யாருக்குய்யா தெரியும்? இனிமே தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது?"

"தெரியாதில்ல?" என்றார் கோவிந்தன். "அப்போ எங்கிட்டயே இருக்கட்டும். நாப்பத்தோரு வருஷம் நீ வெச்சிருந்த."