பெங்குவின் விளையாட்டு

காலையில் அடக்கம் முடிந்து, வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்தின் நடுவிலிருந்த விரிப்பைச் சுருட்டி இடம் பண்ணிக்கொண்டிருந்தாள் வாலு. ஆறு வயது. எழுந்து போய்த் தடுக்க அவளுடைய அம்மாவுக்குத் தெம்பில்லை.

"எல்லாரும் அப்பா மாதிரி செஞ்சு காட்டணும், பெங்குவின் படத்துல வர்ற மாதிரி," என்றாள் வாலு.

போன மாதம் அப்பா, அம்மா, வாலு மூவரும் போய்ப் பார்த்த கார்ட்டூன் படம் அது. அதில் ஒரு குண்டுப் பெங்குவின் செத்துப்போகும். மற்றவை ஒவ்வொன்றாக வந்து அதைப்போலவே நடக்கும், தும்மும், வழுக்கி விழும். அப்படிச் செய்ய ஆள் இருக்கும்வரை செத்த பெங்குவினின் உருவம் பனிமேட்டில் நிற்கும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். "செத்தவனை நிம்மதியாப் போக விடமாட்டாங்க போல," என்று முணுமுணுத்த அப்பா, படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. நேற்று, வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவேயில்லை.

அவரோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக், குழந்தை மனசு கோணக்கூடாதே என்று முதலில் எழுந்தார். லிஃப்ட் கதவில் காது வைப்பதுபோல் சுவரில் சாய்ந்தார். "உங்கப்பா சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவாரும்மா." நாத்தனார், தன் தம்பி சின்ன வயசில் நொண்டியடித்ததை உட்கார்ந்தபடியே காட்டப்போய் அழுதுவிட்டாள்.

"இப்ப நான்," என்றாள் வாலு.

ஒரு கையை இடுப்பில் வைத்தாள். மறு கையின் விரலை அம்மாவை நோக்கி நீட்டினாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு வேலை உருப்படியாத் தெரியுதா? என் உயிரை எடுக்கன்னே வந்து வாச்சிருக்கு!"

தலையை வெடுக்கென்று திருப்புவது, கடைசியில் தட்டைத் தள்ளும் கை, எல்லாம் அச்சு அசலாக அவரேதான்.

மெக்கானிக் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்.

"சீ, வாயை மூடு! செத்துப்போன அப்பனை இப்படியா செஞ்சு காட்டுவே?" நாத்தனார் கையை ஓங்கினாள்.

"விடுங்க அண்ணி. அது பாத்ததைத்தானே செய்யுது," என்றாள் வாலுவின் அம்மா.

அவருடைய அந்தக் குரல் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று ஏழு வருஷமாக ஜன்னலைச் சாத்திச் சாத்தி வைத்தவள் அவள். இன்று சபையில் மானம் போனது. ஆனால் அதுவல்ல அவளை அறுத்தது. மனிதர் போய்விட்டார், குழந்தைக்குள் இந்த விரல் ஒன்றுதான் தங்கப்போகிறதா?

வாலுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ பொறந்தப்ப உன்னைத் தூக்கப் பயந்துக்கிட்டு, அப்பா ரெண்டு நாள் பக்கத்துல சும்மாவே உக்காந்திருந்தாரு, தெரியுமா?"

"அதை நான் பாக்கலையே."

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப..."

"அப்ப நான் தூங்கிட்டேன். சொல்லக்கூடாதும்மா, செஞ்சு காட்டணும். நீதான் இன்னும் செய்யல."

அவள் வாலுவை இறக்கிவிட்டு எழுந்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் உடனே மணியை அடிக்கமாட்டார். கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாக அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒரு நிமிஷம் நிற்பார். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைப்பார். ஒருமுறை சிரித்துப் பார்ப்பார். அந்தச் சிரிப்பு ஒருநாளும் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. துளை இருண்டது.

அவள் முகத்தைத் துடைத்தாள். சிரித்துப் பார்த்தாள்.

"மணி அடிம்மா," என்றது உள்ளிருந்து குரல்.

மணியை அடிக்காமல், அந்தச் சிரிப்பு மாறாமல் அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.