மூன்றாவது அளவு

தாளில் மூன்று அளவுகள் இருந்தன. முதல் இரண்டும் என் பெண்களுடையவை. மூன்றாவது யாருடையது என்று பிடிபடவில்லை. மார்பு இருபத்திரண்டு, கழுத்து பதினைந்து, நீளம் பதினாறு. கழுத்தைப் பார்த்தால் வளர்ந்த ஆள், நீளத்தைப் பார்த்தால் கைக்குழந்தை. இருபது வருடமாகத் தைக்கிறேன், இப்படி ஓர் உடம்பை அளந்ததில்லை.

தாளை அனுப்பியவர் என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. வருடக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் அவர் வீட்டில்தான் கூடுவோம். இந்தத் தடவை பிள்ளைகள் ஒரே மாதிரி கவுனில் நின்று போட்டோ எடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. துணியும் அவரே அனுப்பியிருந்தார். இருமல் மருந்து நிறத்தில் ஒரு சாட்டின். கத்தரி வைத்தால் நழுவும், ஊசி வைத்தால் சுருங்கும், வியர்த்த கையில் பிசுபிசுவென்று ஒட்டும். மடிப்புக்குள் குட்டை குட்டையாகப் பழுப்பு முடி வேறு. ஊதிவிட்டு வெட்டினேன். சும்மா வந்த துணியைக் குறை சொன்னால் நமக்குத்தான் கெட்ட பெயர்.

பெண்களின் கவுன் இரண்டும் முடிந்து, கீழ்மடிப்புக்குக் குண்டூசி குத்தி இருவரும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அண்ணியின் மகளுக்கு என்றால் அவள் பதிமூன்று வயதில் என் தோளுயரம் வந்துவிட்டவள். யாரோ உடம்பு சரியில்லாத குழந்தை போலிருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பாவம், நெஞ்சில் ஒரு பூ முடிச்சு வைத்துத் தரலாம் என்று துண்டுத்துணி கூட ஒதுக்கிவிட்டேன். கை அளவு இல்லாததால் போன் போட்டேன்.

"அண்ணி, மூணாவது அளவு சரியாத்தான் இருக்கா? கை அளவு காணோமே."

"அதுக்கு எதுக்குக் கை? ஓட்டை விட்டாப் போதும். நம்ம பப்பிக்குத்தானே!" விழுந்து விழுந்து சிரித்தார். "வால் பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கி விடு. மூணு பேரும் வரிசையா உக்காந்தா போட்டோல எவ்ளோ அழகா இருக்கும், நெனச்சுப் பாரு."

மூணு பேரும்.

"உங்க பொண்ணு?"

"ஐயோ, அவளுக்கு வீட்ல தச்சதெல்லாம் ஆகாதும்மா. கடையில எடுத்தாச்சு."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்! "சரிங்க அண்ணி" என்றேன். அதுவும் குழைந்து குழைந்து. போனை வைத்த பிறகும் அந்தக் குழைவு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் வாய் கொப்பளித்தேன், நிஜமாகவே.

குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்காவுக்கு அது பிள்ள மாதிரி. இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு" என்றார்.

"அவங்களுக்கு நாய் பிள்ள மாதிரி, சரி. நம்ம பிள்ளைங்க?"

அவர் தலை துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஈரம் தீர்ந்த தலையை எவ்வளவு நேரம்தான் துவட்டுவான் ஒரு மனுஷன்!

சின்னவளுக்கு ஆறு வயது. "பப்பிக்கும் எனக்கும் ஒரே டிரஸ்ஸா? ஐ!" என்று குதித்தாள். அந்தப் போட்டோ அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்படும். இவள் வளர்ந்து ஒருநாள் அதன் முன்னால் நிற்பாள். அன்றைக்கு அவளுக்குப் புரியும், தைத்துக் கொடுத்தது அம்மா என்பதும் சேர்த்து.

பெரியவளுக்குப் பதினொன்று. "அத்தை பொண்ணு இதப் போடலயா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். குண்டூசி குத்தாமல் கவுனை நிதானமாகக் கழற்றி என் மிஷின் மேல் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் உள்பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

முதலில் நாயின் உடுப்பைத் தைத்தேன். நாய் மேல் எனக்கென்ன கோபம், அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. கீழே இரண்டு அடுக்குச் சுருக்கம், நெஞ்சில் நான் ஒதுக்கி வைத்த பூ முடிச்சு. குறை சொல்ல இடமில்லாமல் முடித்தேன். பிறகு பெரியவளிடம் சின்னக் கத்தரியைக் கொடுத்து, "பிரி" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு கவுனையும் தையல் தையலாகப் பிரித்தோம்.

அண்ணியின் அளவுக்குத் தாள் வேண்டாம். அவர் உடுப்பெல்லாம் என்னிடம்தான் தைக்கிறார், நாற்பத்தாறு, நாற்பத்திநாலு, நாற்பத்தெட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மீந்த துணியோடு பிரித்ததையும் சேர்த்தும் ஒரே துண்டாக அகலம் வரவில்லை. பக்கவாட்டில் ஒட்டுப் போட்டேன். ஒட்டு தெரியாமல் சுருக்கம் வைக்க எனக்குத் தெரியும். அதே இரண்டு அடுக்கு, அதே பூ முடிச்சு.

கிளம்புகிற அன்று காலை இரண்டையும் இஸ்திரி போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினேன். சின்னவள் பழைய நீலக் கவுனில், அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள்.

"சின்னது பப்பிக்கு. பெருசு யாருக்கும்மா?"

"அத்தைக்கு. போட்டோல ஜோடியா இருக்கும்."

வீட்டுக்காரர் பையின் ஜிப்பைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போது முகத்தை மூடக் கையில் துண்டு இல்லை. பெரியவள் மட்டும் கிட்டே போய்ப் பெரிய உடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தபோது வாயைக் கையால் பொத்தியிருந்தாள். மின்விசிறிக் காற்றில் பெரியதும் சின்னதும் சேர்ந்து ஆடின. இரண்டிலும் பின்பக்கம் ஒரே அளவு தூக்கியிருந்தது.