எண்பத்தெட்டாவது அத்தியாயம்

எண்பத்தாறு அத்தியாயம் ஓடியும் அந்த நந்தன் பயல் வாயைத் திறக்கவில்லை. மகிழ்மதிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவருகிறான். மழை வந்தால் தான் நனைந்து அவளுக்குக் குடை பிடிக்கிறான். அவளைப் பெண் பார்க்க எவனாவது வந்துவிட்டால் இரண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். ஆனால் 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்ற ஒரு வார்த்தை மட்டும் வருவேனா என்கிறது. போனில் தொடர்கதை படிக்கும் பெண்கள் பன்னிரண்டாயிரம் பேர், வாரம் மூன்று நாள், பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்கள். 'ஏம்மா ரைட்டரு, அவன் வாயில என்ன கொழுக்கட்டையா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். 'இன்னும் இழுத்தீங்கன்னா நேர்ல வந்து அடிப்பேன்' என்று இன்னொருத்தி.

எழுதியவள் சுமலதா. கம்பைநல்லூர்க்காரி, வயது இருபத்தொன்பது, அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை. 'பொறுங்க தோழிகளே, சீக்கிரம் சொல்லுவான்' என்று எல்லாருக்கும் பதில் போடுவாள். எப்போது சொல்லுவான் என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. நந்தன் வேறு யாரும் இல்லை, கோகுல்ராஜ். அதே ஊர், அதே காலேஜ், பதினோரு வருடமாக அதே எட்டு மணி பஸ். அரூரில் டிராக்டர் ஷோரூமில் சேல்ஸ்மேன். அவன் செய்யாத எதையும் அவள் கதையில் எழுதியதில்லை. அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் அவன் உட்கார்ந்திருந்தது அப்படியே முப்பதாவது அத்தியாயம். அவன் சொன்னால் நந்தனும் சொல்லுவான், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக ஓசூர் வரன் ஒன்று, ஊத்தங்கரை வரன் ஒன்று என்று இரண்டைத் தட்டிக்கழித்தாயிற்று. "எவனுக்காகடி இப்புடி காத்துக்கினு கெடக்கற?" என்று அம்மா ராமக்காள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

மதியம் சோற்று டப்பாவை மூடிய கையோடு அத்தியாயத்தை டைப் செய்து, சாயந்திரம் கோகுல்ராஜுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவன் படித்து 'சூப்பர்' என்ற பிறகுதான் மறுநாள் காலையில் ஊருக்கு வெளியிடுவாள். முதல் வாசகன் அவன்தான். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று என்றைக்காவது ஒருநாள் அந்த மடையனுக்கு உறைக்காதா என்ற நப்பாசை.

அறுபத்தொன்றாவது அத்தியாயம் முழுக்க ஒரே கடிதம். மகிழ்மதி நந்தனுக்கு எழுதி, கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்தது. 'நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நான் இறங்கவேண்டிய ஊர் வராமலே போகட்டும் என்று இருக்கிறது' என்று ஆரம்பிக்கும். அதில் சுமலதா ஒளித்துவைத்தது ஒன்றுமில்லை. அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'செம சுமா. கண்ணுல தண்ணியே வந்துருச்சு' என்று பதில் வந்தது. அதைப் பார்த்து இவள் அழுதாள், பைத்தியக்காரி.

மறுநாள் பஸ்ஸில் அவனே பேச்சை எடுத்தான். "ஏன் சுமா, அந்த லெட்டர அவ அவன்கிட்ட குடுக்கவே மாட்டாளா?"

"அவனா கேட்டா குடுப்பா."

"அவன் எங்க கேக்கப் போறான்? அவன் ஒரு லூசு," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இன்னும் இருபத்தைந்து அத்தியாயம் ஓட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து செய்தி வந்தது. 'ஞாயித்துக்கெழம பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு வா சுமா. முக்கியமான விஷயம். உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்.' சுமலதாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 'தோழிகளே, திங்கட்கிழமை கடைசி அத்தியாயம். நந்தன் பேசப் போகிறான்' என்று அறிவித்தாள். பன்னிரண்டாயிரம் பேரும் குதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, மயில்கழுத்து நிறப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனாள்.

கோகுல்ராஜ் இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டுப் போனை நீட்டினான். ஒரு பெண்ணின் போட்டோ.

"கவிப்பிரியா. மாரண்டஹள்ளி, ஸ்கூல் டீச்சர். ஆறு மாசமா பேசிக்கினு இருக்கோம். ரெண்டு வூட்லயும் ஓகே சொல்லிட்டாங்க. எப்புடி இருக்கா?"

"நல்லா இருக்கா," என்றாள் சுமலதா. வேறென்ன சொல்வாள்?

"பத்திரிகைக்கு நாலு வரி நீதான் எழுதிக் குடுக்கணும். உன்ன மாதிரி யாருக்கு வரும்?"

எழுதிக் கொடுத்தாள். அங்கேயே, கேக் வைக்கிற காகிதத்தைத் திருப்பிப்போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் நான்கு வரி. பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "நாளைக்குக் கதைய முடிக்கணும்டா. எப்புடி முடிக்கட்டும்? நீயே சொல்லு."

அவன் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தான். "ஃப்ரெண்ட்ஸாவே இருந்துட்டுப் போவட்டுமே. எல்லாக் கதையும் சேந்துதான் முடியணுமா? அவனுக்கு வேற பொண்ணோட கல்யாணம் பண்ணி வச்சிரு. அதான் டீசன்ட்டு."

அப்படியே முடித்தாள். எண்பத்தேழாவது அத்தியாயத்தில் நந்தன் வேறொருத்திக்குத் தாலி கட்ட, மகிழ்மதி கீழே நின்று கைதட்டினாள். பன்னிரண்டாயிரம் பேரும் காறித் துப்பினார்கள். 'இதுக்கா ஏழு மாசம் காத்திருந்தோம்?' 'ஒத்த ஸ்டார் குடுக்கவும் மனசு வரல.' 'காதல்னா என்னன்னு தெரியாதவங்க எல்லாம் ஏன் எழுத வர்றீங்க?' கடைசியில் சொன்னதைச் சுமலதா இரண்டு தடவை படித்தாள்.

கல்யாணம் மாரண்டஹள்ளியில். முகூர்த்தம் முடிந்து, பரிசுப் பொட்டலங்களோடு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. சுமலதா மேடை ஏறினதும் கவிப்பிரியா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சூது வாது தெரியாத முகம்.

"அக்கா, சுமலதாக்கா தான? உங்க கதை வந்தா என் போன்ல டிங்குனு மணி அடிக்குங்க்கா. ஆனா எனக்கு முந்தின நாளே வந்துரும். இவரு அனுப்பிருவாரு."

சுமலதா கோகுல்ராஜைப் பார்த்தாள். அவன் போட்டோக்காரரைப் பார்த்தான்.

"அந்த லெட்டர் அத்தியாயம் இருக்குதுல்ல? 'உன்ன நெனச்சுதான் எழுதுனேன் கவி'ன்னு இவரு அனுப்புனாரு. அதப் படிச்சுட்டுதாங்க்கா நான் சரின்னே சொன்னேன். கதை பூரா இவரு சொல்லச் சொல்ல நீங்க டைப் பண்ணதாமே?" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? கடைசி அத்தியாயத்த மட்டும் நீங்களா எழுதிட்டீங்களாம்ல? இவரு வேணாம் வேணாம்னு எவ்ளோ சொன்னாராம். ஏங்க்கா அப்புடிக் கெடுத்தீங்க? மகிழ்மதி பாவங்க்கா."

அப்போதுதான் கோகுல்ராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. பதினோரு வருடமாக அவன் கண்ணில் எதையோ தேடினவளுக்குக் கடைசியில் கிடைத்தது இதுதான். அவன் காதலிக்காததைக்கூட மன்னித்திருப்பாள். அந்தக் கடிதத்தையும் திருடிக்கொண்டு, முடிவுக்கான பழியையும் அவள் தலையில் கட்டினானே, இவனும் ஒரு மனுஷனா?

"ஆமா கவி," என்றாள். "முடிவு சரியில்லதான். மாத்திடறேன்."

"நெசமாவா? எப்பங்க்கா?"

"இப்பவே."

கோகுல்ராஜ் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். மூன்று பேரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

பந்திக்கு இடம் கிடைக்கும்வரை சுமலதா சாப்பாட்டுக் கூடத்து மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் எழுதினாள். இருபது வரிதான். கடிதத்தை யாருக்கு யார் எழுதியது, பேக்கரியில் யார் என்ன சொன்னது, மேடையில் மணப்பெண் என்ன கேட்டது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதி முடித்ததும் நந்தன் என்று இருந்த இடத்திலெல்லாம் கோகுல்ராஜ் என்று மாற்றினாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. ஒருவருக்கொருவர் ஊட்டச் சொல்லி போட்டோக்காரர் நச்சரித்தார். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று சுமலதா யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். யோசித்துவிட்டுத்தான் வெளியிட்டாள்.

கவிப்பிரியாவின் இலையோரத்தில் இருந்த போன் டிங் என்றது.

"ஐயோ, அக்கா மாத்திட்டாங்க!" என்று அவள் இடது கையால் போனை எடுத்தாள். ஜிலேபியை நீட்டிய கோகுல்ராஜின் கை பாதியில் நின்றது.

"எனக்கு அனுப்பவே இல்லியே சுமா?" என்றான்.

கவிப்பிரியா பக்கத்தில் இருந்த தன் தோழிகளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் சத்தம் நின்றது. கண் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

இந்தப் பக்கம் சாம்பார் வந்தது. சுமலதா சோற்றில் குழி பறித்து ஊற்றச் சொன்னாள். பாயசம் வரும்வரை எழுந்திருக்கவில்லை.