மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே வீட்டுப்பாடம்

உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் மெயின் சுவிட்சை அணைக்கிறவனை யாரும் லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லமாட்டார்கள். அன்று சாயங்காலம் அணைத்தவன் சாட்சாத் லிஃப்ட் மெக்கானிக்தான். மொட்டைமாடி அறையில் இருக்கும் லிஃப்ட் மோட்டாருக்கு கிரீஸ் போட வந்தவனின் வாய், ஏழு மணி இங்கிலீஷ் வகுப்புக்கான வீட்டுப்பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது: "ஐ ஹேவ் பீன் ரிப்பேரிங் லிஃப்ட்ஸ் ஃபார் ட்வென்டி இயர்ஸ்." அந்தப் பெருமையில் கை தானாகப் போய் சுவிட்சைத் தள்ளிவிட்டது.

இன்டர்காம் கிரீச்சிட்டது. "யாருங்க மேல? லிஃப்டு நின்னுபோச்சு!"

குரலிலேயே ஆளைத் தெரிந்துகொண்டான். நாலாவது மாடித் தையல்கடைக்காரி! வகுப்பில் பக்கத்து பெஞ்ச். இவன் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொள்கிறவள். "நாளைக்குள்ள அவகிட்ட முடிவு கேளு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நான் வேற சம்பந்தம் பேசிடுவேன்" என்று அக்கா காலையில்தான் கெடு வைத்திருந்தாள். அதற்கு இவன் செய்த ஏற்பாடு, அவளைப் பெட்டியில் போட்டு அடைத்தது.

"நான்தாங்க, மெக்கானிக். என் தப்புதான். பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல. வெளிய வந்ததும் இருக்கு உங்களுக்கு."

அவசரமாக சுவிட்சை மறுபடி போட்டான். டப்பென்று ஃபியூஸ் போனது. இனிக் கையால்தான் ஏற்றவேண்டும். ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தும் லீவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினால் பெட்டி அங்குலம் அங்குலமாக ஏறும். பாட்டரியில் ஓடும் இன்டர்காமில் அவள் குரல் எப்போதும் கேட்கும். இவன் பேசத்தான் பட்டனை அழுத்தவேண்டும். மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. ஆக, இவன் வாயைத் திறந்தால் லிஃப்ட் நிற்கும்.

"சும்மா நிக்கிற நேரத்துல வீட்டுப்பாடமாவது பண்ணலாம்," என்றாள். "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் லிவிங் வித் யுவர் சிஸ்டர்?"

லீவரை விட்டுவிட்டு பட்டனை அழுத்தினான். "சின்ஸ் மை பர்த்."

"பாவம் உங்க அக்கா!"

சிரித்துக்கொண்டே சுற்றினான். பெட்டி ஒரு முழம் ஏறியிருக்கும்.

"அந்தச் சட்டைக் காலர் எத்தனை நாளா கிழிஞ்சிருக்கு? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"காலர் கிழிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல உக்காந்து போர்டையேவா பார்த்துட்டிருப்பேன்?"

அவன் காலரைத் தடவிப் பார்த்தான். கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம். தொடங்கிய காரியம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 'ஹேவ் பீன்' போடுங்கள் என்பார் வாத்தியார். அதைப் போடாமல் சொல்லும்படி தன் வாழ்க்கையில் எதுவுமே முடிந்தபாடில்லை என்று நினைத்துக்கொள்வான். பட்டனை அழுத்தினான்.

"ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் ஆன்ஸர் சின்ஸ் லாஸ்ட் இயர்."

பட்டனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அவனே பதறிப்போய்த் தமிழுக்குத் தாவினான். "ஞாயித்துக்கிழமை அக்கா வேற சம்பந்தம் பேசப் போகுதுங்க. அதான் கேட்டுட்டேன். நீங்க எதுவும் சொல்லாட்டியும் லிஃப்டு வந்துடும். இதையும் அதையும் முடிச்சுப் போடாதீங்க."

மடமடவென்று சுற்றத் தொடங்கினான். நாலாவது மாடிக்கு இன்னும் ஒரு சாண்தான்.

"நிறுத்துங்க!"

லீவரை விட்டான். பெட்டி நின்றது.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். கதவு திறந்து உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கு வாய் வராது. எத்தனை தடவ சொல்ல வந்து, பார்க்கலாம்னு சொல்லித் தொலச்சிருக்கேன் தெரியுமா?"

அவன் பட்டனை அழுத்தினான்.  உடனே கையை எடுத்துவிட்டான்.

"கேக்குதா? எனக்குச் சம்மதம். ஞாயித்துக்கிழமை அக்காவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு மட்டும் வராதீங்க."