விட்டுவந்த குடை

முப்பத்தொரு வருடம் பிறத்தியார் சமையற் குசினிக்குள் மூக்கை நுழைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனத்தின் வாயில் பி.எச்.ஐ. ஐயா. என் சைக்கிள் காத்தான்குடிச் சந்தி தாண்டினால் போதும், களுவாஞ்சிகுடி வரைக்கும் வடைத் தட்டுகளுக்கு மூடி விழுந்துவிடும். 'நல்லரத்தினம் வாறான்' என்று கடைக்குக் கடை சொல்லி அனுப்பிவிடுவார்கள். சொல்லி வைத்துக்கொண்டு சுத்தமாக இருப்பவனிடம் நான் எதைக் கண்டுபிடிப்பது? அதற்காக நான் வைத்திருந்ததுதான் குடை வித்தை.

முதலில் போகும்போது எல்லாவற்றையும் பார்த்து, தலையாட்டி, இரண்டு நல்ல வார்த்தையும் சொல்வேன். வெளியே வரும்போது குடையை அங்கேயே ஒரு மூலையில் சாத்திவிடுவேன். அரை மணித்தியாலம் கழித்து "குடையை மறந்திட்டன்" என்று நேரே குசினிக்குள் போனால் உண்மையான கடை அங்கே நிற்கும். இலையான் மொய்க்கிற இறைச்சியும், கழுவாத கையும், எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்திருக்கும். என் மகள் தவமலர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கதைகளைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். என் பெண்சாதிக்கு மட்டும் சிரிப்பு வராது. "குற்றம் பாக்கில் சுற்றம் இல்ல. ஒரு நாளைக்குத் தனியக் கிடப்பீங்க," என்பாள். நான் சொல்லப்போகிற கதை நடந்தபோது அவள் கண்ணை மூடி ஏழு வருடமாகியிருந்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தவமலருக்கும் பேத்திக்கும் சுவிஸ் விசா சரிவந்தது. மருமகன் அங்கே போய் ஆறு வருடம். பேத்திக்கு வயது பதின்மூன்று. ஆமியும் இயக்கமும், இரண்டு பக்கத்தாரும் பிடித்துக்கொண்டுபோக வீட்டு வீடாகப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. விசாவில் என் பெயர் இல்லை, இருக்க நியாயமும் இல்லை.

ஆரையம்பதியில் நாங்கள் இருந்த வீடு தவமலரின் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆம்பிளை மாமியார் வீட்டுக்குள் மாப்பிள்ளையாக நுழைந்து, பெண்சாதி வீட்டில் நரைத்து, மகள் வீட்டில் விருந்தாளியாகச் சாகிறவன். அவனுக்கென்று இருப்பது ஒரு சைக்கிளும் ஒரு குடையும். அதற்கு முந்திய மாரியில் கிணற்றடியில் விழுந்து இடுப்புப் பிசகியபின் எனக்குச் சைக்கிளும் இல்லை. என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகத் தவமலருக்கு மனம் வரவில்லை.

"அப்பா, தேற்றாத்தீவுக்கு அங்கால வாவிக்கரையில வயசு போன ஆக்கள வெச்சுப் பாக்கிற இல்லம் ஒண்டு இரிக்காம்," என்றாள் ஒரு நாள், என் முகத்தைப் பார்க்காமல். "நீங்களே பொயித்துப் பாருங்க. நல்லாப் பாக்கிறாங்க எண்டு நீங்க சொன்னாத்தான் நான் போவன். சரியில்ல எண்டா போகல்ல. அம்மாவாணச் சொல்றன்."

மறைப்பானேன்? அவளைப் போகவிடக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் பஸ் ஏறினேன். ஒரு குறை போதும். குறை கண்டுபிடிக்க எனக்கா தெரியாது?

பழக்க தோஷம், போகும்போது பழைய வெள்ளைக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். கையில் பழைய பைல். அந்தக் கோலத்தில்தான் பிழைவிட்டேன். இல்லத்துக்குப் பொறுப்பான சீதேவிப்பிள்ளை என்னை வாசல் படலையில் கண்டதுமே கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான பெண்.

"பி.எச்.ஐ. ஐயாவா? எங்கட அப்பாட தேத்தண்ணிக் கடைய இழுத்து மூடினது நீங்கதானே? வாங்க, வாங்க."

உள்ளே யாரோ அவசரமாக அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தேத்தண்ணி தந்து, குடித்து முடிக்கும்வரை என்னை விறாந்தையிலேயே இருத்திவைத்தாள். அதன் பிறகுதான் உள்ளே விட்டாள்.

பதின்மூன்று பேர், பதினாலு கட்டில். எல்லாக் கட்டிலிலும் வெள்ளை வெளேரென்று விரிப்பு. நான் குடிதண்ணீரை முகர்ந்தேன். சோற்றுப் பானையைத் திறந்தேன். மலசலகூடத்துக்குள் போய் நின்றேன். கிழவர்களின் நகத்தைப் பார்த்தேன், குதிக்காலைப் பார்த்தேன், படுக்கையில் கிடந்த ஒரு மனிசியின் முதுகில் புண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. கிணற்றுக்குக்கூட நல்ல பலகை மூடி போட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

வாசலோரக் கட்டிலில் இருந்தவர் கதிர்காமத்தம்பி. வாகரைக் கடலில் தோணி விட்டவர், எண்பதை நெருங்கியவர். "எப்பிடிப் பாக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"குறையில்ல ஐயா," என்றார். மற்றவர்களும் "குறையில்ல, குறையில்ல" என்றார்கள். வாய்ப்பாடு சொல்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இருந்தது.

சரி பார்ப்போம் என்று, குடையை அவருடைய கட்டில் காலோடு சாத்திவிட்டு விடைபெற்றேன். சந்தியில் போய்த் தேத்தண்ணி குடித்தேன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் இரண்டு வெடி கேட்டது. கடைக்காரர் தலை நிமிரவில்லை. அரை மணித்தியாலம் கழிய எழுந்தேன்.

படலைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு, மடியில் என் குடையை வைத்துக்கொண்டு கதிர்காமத்தம்பி இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோசத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"வந்திட்டீங்க! வருவாரு எண்டு நான் சொன்னன், இவங்க ஒருத்தரும் நம்பல்ல." குடையை இரண்டு கையாலும் நீட்டினார். "எட்டு வரிசமா இந்தப் படலையில இரிக்கன் ஐயா. என்னக் கொண்டுவந்து உட்ட மகனும், 'கூரையப் போட்டுட்டு மறுகா வாறன்' எண்டுதான் பொயித்தான். இங்கயிருந்து போன ஆள் திரும்பி வந்தத இண்டைக்குத்தான் பாக்கன்."

குடையை வாங்க என் கை கூசியது. முப்பத்தொரு வருடத்தில் அந்த வித்தைக்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு தரம்தான். ஆனாலும் பாழாய்ப்போன கால் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டது.

கட்டில்களில் விரிப்பு இல்லை. பழைய பன்பாய் மட்டும் கிடந்தது. சீதேவிப்பிள்ளை விரிப்புகளை மடித்து அலுமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்டேன், கண்டேன் என்று எனக்குள் ஒரு துள்ளல்.

"ஆள் வந்தா விரிக்கிறது, போனா மடிக்கிறதா?" என்றேன்.

அவள் பதறவில்லை. ஒரு விரிப்பின் மூலையைத் தூக்கிக் காட்டினாள். மையால் 'கதிர்காமத்தம்பி' என்று எழுதியிருந்தது. "எங்கட அப்பாட கடையில எண்டா ஒளிப்பன் ஐயா. இதுல என்னத்த ஒளிக்கிற? இவங்க செத்தா கோடித் துணி கொண்டுவந்து போட ஒருத்தரும் வரமாட்டாங்க. போக்குவரத்தும் இல்ல, புள்ளைகள் இரிக்கிற இடமும் தெரியா. அதுக்குத்தான் ஆளுக்கொண்டு பேரெழுதி வெச்சிரிக்கம். இவங்களே கேட்டதுதான், படுத்து ஊத்தையாக்க வேணாமெண்டு. வெளி ஆக்கள் வந்தா மட்டும் விரிப்பம், பாயப் பாத்திட்டுக் குறை சொல்லுவாங்களே."

பஸ்ஸில் வரும்போது பைலைத் திறந்து எழுதினேன்: 'பரிசோதனைக்காக மட்டும் விரிக்கப்படும் விரிப்புகள்.' அதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன். உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன். தவமலர் போகமாட்டாள். நான் அவள் கையால் சாப்பிட்டுச் சாவேன்.

அன்றைக்குச் சோதனைச் சாவடியில் ஆட்கள் இல்லை, சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வீட்டுக்கு வந்துவிட்டேன். பட்டப்பகலில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. கடைசியில் தவமலர் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"நீங்களா அப்பா!" அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள். பிறகு மேலே பார்த்து, "இறங்குகா மனே, அம்மப்பாதான்," என்றாள்.

அறைக்குள் நெல் மூட்டை வைக்கிற பரணிலிருந்து என் பேத்தி இறங்கினாள். தலையெல்லாம் ஒட்டறை. பயத்தில் பாவாடையை நனைத்திருந்தாள். என்னைப் பார்க்க வெட்கப்பட்டு ஓடினாள்.

"எத்தின நாளா இது?" என்று கேட்டேன்.

"மூணு மாசமா. தெரியாத ஆள் தட்டினா ஏறிருவாள். நீங்க வெளிய போற நேரம்தான் இந்தப் பயம். சொன்னா யோசிப்பீங்க எண்டு சொல்லல்ல."

ஊர்க் குசினியெல்லாம் சொல்லாமல் போய்ப் பார்த்தவன், நான் இருக்கிற வீட்டுக்குள் ஒரு நாளும் சொல்லாமல் வந்து பார்க்கவில்லை.

சோறு போட்டுவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள். "எப்பிடி அப்பா அந்த இடம்?"

"நல்ல இடம், புள்ள."

"உண்மையா?" என் கண்ணையே பார்த்தாள். "குறையில்லாத இடம் ஒண்டு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லயே."

மகள் அல்லவா, அவளுக்கு என்னைத் தெரியும். நம்பவைக்க ஒரு குறை வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "கிணத்துக்கு மூடி இல்ல. போடச் சொல்லிட்டு வந்தன்."

அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள். சிரித்தாள், பிறகு அழுதாள். நான் என் உத்தியோகத்தில் ஒரு பொய் அறிக்கையும் எழுதியதில்லை. அந்த ஒன்றைத்தான் சொன்னேன், அதுவும் வாயால்.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிற வேனில் அவர்களே என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். பதினாலாவது கட்டில் எனக்கு. வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், விடவில்லை. தவமலர் சீதேவிப்பிள்ளையிடம் என் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். வேன் போன சத்தம் அடங்கும் மட்டும் நான் கட்டிலிலேயே இருந்தேன். அழுகை நெஞ்சுமட்டும் வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கத் துவாய் எடுக்கத் திரும்பினேன்.

கட்டில் காலோடு தவமலரின் குடை சாத்தியிருந்தது.

அழுகை நின்றுவிட்டது. "சீதேவிப்பிள்ளை, விரிப்ப எடுக்காதீங்க!" என்று கத்தினேன். "அரை மணித்தியாலத்தில என்ட மகள் திரும்பி வருவாள். எல்லாரும் சிரிச்ச முகமா இரிங்க. கதிர்காமத்தம்பி அண்ணன், கடதாசிக் கட்டு இரிக்கா?"

கதிர்காமத்தம்பி கட்டை எடுத்து என் கட்டிலில் சீட்டுப் போட்டார். அவருக்கும் ஆடத் தெரியாது, எனக்கும் தெரியாது. கையில் வந்ததை மாறி மாறி வீசினோம். சீதேவிப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். வேன் சத்தம் கேட்டதும் கதிர்காமத்தம்பி தொண்டை கிழியச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"கொடைய மறந்திட்டன்," என்றபடி தவமலர் உள்ளே வந்தாள். சீட்டைப் பார்த்தாள், கோப்பைகளைப் பார்த்தாள். குனிந்து விரிப்பின் மூலையைத் தடவினாள். என் பெயர் எழுதியிருந்தது. "பேரெல்லாம் எழுதி வெச்சிரிக்காங்க," என்றாள். "நல்லாத்தான் பாக்கிறாங்க அப்பா."

"ஓம் புள்ள," என்றேன்.

சீதேவிப்பிள்ளை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தவமலர் பின்வாசலுக்குப் போனாள். அங்கிருந்து கிணறு தெரியும். பாசி பிடித்துக் கறுத்த பழைய பலகை மூடி. பல வருடம் மழையும் வெயிலும் பட்ட மூடி என்பது பார்த்த உடனே தெரியும். அவள் அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வேன்காரன் ஹோன் அடித்தான், சாவடி மூடுகிற நேரம்.

அவள் திரும்பி வந்து குடையைக் கையில் எடுத்தாள். பிறகு இருந்த இடத்திலேயே சாத்தினாள்.

"இது இங்க கிடக்கட்டும் அப்பா. மறுகா எடுக்க வருவன்."

தலையை ஆட்டினேன். அவள் போனபிறகு நானே விரிப்பை எடுத்து நாலாக மடித்து அலுமாரியில் வைத்தேன்.

இது மூன்றாவது மாரி. கடிதம் வருகிறது, படம் வருகிறது. படத்தில் பேத்தி அவளுடைய தாயைவிட உயரம். சண்டை இன்னும் நிற்கவில்லை. இங்கே என்னை நன்றாகத்தான் பார்க்கிறார்கள். நகம் வெட்டுகிறார்கள், மருந்து நேரத்துக்கு வருகிறது, சோற்றில் கல் இல்லை. பின்னேரங்களில் கதிர்காமத்தம்பி தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு எனக்கும் படலையில் இடம் தருகிறார்.

இன்றைக்குக் காலையிலிருந்து மழை. சந்திக்குப் போக வேண்டும் என்று சீதேவிப்பிள்ளை வந்து அந்தக் குடையைக் கேட்டாள். என்னுடையதைக் கொண்டுபோ என்றேன். அதில் இரண்டு கம்பி உடைந்து கிடக்கிறது என்றாள். மகளின் குடையை மட்டும் தரமாட்டேன், அவள் வந்தால் கேட்பாள் என்றேன். சீதேவிப்பிள்ளை தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.