டிரைவர், இடது!

ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறேன் என்று சொன்னால் ஜனங்கள் என் மீசையை ஒருமுறை பார்ப்பார்கள். பெரிய வீரன் என்று நினைப்பு. உண்மையில் நான் அந்த வண்டியின் மூக்குக்குள் ஒரு குழியில் மல்லாந்து கிடப்பவன். தலைக்கு மேல் இரும்பு மூடி. கண்ணுக்கு முன்னால் மூன்று கண்ணாடிப் பட்டைகள். அவற்றில் கொஞ்சம் புழுதி தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் வானம். மேலே நிற்கிற கமாண்டருக்குத்தான் உலகம் தெரியும். அவர் காதுக்குள் சொல்வார்: "டிரைவர், இடது." திரும்புவேன். "டிரைவர், நில்." நிற்பேன். இருபது வருஷத்தில் ஒரு திருப்பத்தைக்கூட நானாக முடிவு செய்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட அப்பாதான் சொன்னார், நான் திரும்பினேன்.

மாதக் கடைசியோடு எனக்கு ஓய்வு. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா என்றும் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். வெளியே வந்தால் மச்சானிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், வேலை தயார். ஆஸ்பத்திரி சலவைத் துணி ஏற்றுகிற வேன். ஆனால் அதற்கு ஊரார் மாதிரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் லைசென்ஸ் வேண்டும். வெள்ளிக்கிழமை டெஸ்ட். அதில் கோட்டை விட்டால் அடுத்தது எப்போதோ. அதுவரை மச்சான் இடத்தைப் பிடித்து வைத்திருக்க மாட்டான். அப்புறம் குழிதான் கதி.

லீவில் வந்த மறுநாள் காலையில் மனைவி கேட்டாள். "என்னங்க, தூக்கத்துல எதுக்குக் கூரையத் தள்ளுறீங்க?"

"கூரை இல்ல. மூடி."

காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "மறுபடி கையெழுத்துப் போட்டீங்கன்னா அந்த மூடிக்கு அடியிலேயே குடித்தனம் பண்ணுங்க. என்னைத் தேடாதீங்க."

எனக்கும் அங்கே போக ஆசையில்லை. சமீபகாலமாக மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டாலே மூச்சு பாதியில் நிற்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மீசை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மச்சானின் பழைய காரில் பழகினேன். மனைவி பக்கத்தில். "லெஃப்ட் எடுங்க. மெதுவா. அந்த சைக்கிள்காரர விட்டுட்டுப் போங்க." நான் பட்டு மாதிரி ஓட்டினேன். "என்னமா ஓட்டுறீங்க!" என்று அசந்துபோனாள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த பெண் அதிகாரி, இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இடது என்றார், வலது என்றார், ஓரமாக நிறுத்தச் சொன்னார். எல்லாம் அச்சு மாதிரி செய்தேன். பிறகு சொன்னார்: "இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களா வழி பாத்து ஆபீசுக்குத் திரும்பி வாங்க."

காதுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. முன்கண்ணாடி முழுக்க உலகம். எத்தனை தெரு! ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் நேராகப் போனேன். கடைவீதி போயிற்று, பஸ் டிப்போ போயிற்று, மரக்கடைகளும் போயின. கடைசியில் ரோடே தீர்ந்துபோய், ஒரு குடோனின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது.

"இங்க எதுக்கு வந்தோம்?"

"நீங்க திரும்பச் சொல்லலியே, மேடம்."

"சொல்ல மாட்டேன்னுதானே சொன்னேன்?"

"அதான் மேடம் நேரா வந்தேன்."

மிட்டாய் அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு வந்தது. "இன்னும் நேரமிருக்கு. ஆபீசுக்குப் போய்ச் சேருங்க."

நகர முடியவில்லை. கால் பெடலில், கை ஸ்டியரிங்கில், நடுவில் நான் மட்டும் இல்லை. கேட் வாட்ச்மேன் என் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், என் இடது கை எப்போதோ எழுந்து காரின் கூரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. இறக்கினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கமாண்டரின் குரலில் மெதுவாகச் சொன்னேன்: "டிரைவர், பின்னால."

பாவிக் கால்கள் உடனே கேட்டன!

"டிரைவர், வலது." திரும்பினேன். "டிரைவர், வேகம் குறை." குறைத்தேன். மேடம் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். ரவுண்டானா வந்தது. "டிரைவர், இடது."

"சார், அது ஒன்வே," என்றேன் என் சொந்தக் குரலில்.

"சொன்னதைச் செய்."

"முடியாது சார்."

"அப்ப நீயே பாத்துக்க!" சொன்னதும் நான்தான், ஆனாலும் உண்மையான கோபம். அதற்குப் பிறகு கமாண்டர் பேசவில்லை. நான் ரவுண்டானாவை இரண்டு தரம் சுற்றினேன். மூன்றாவது தரம் ஒரு தெரு பிடித்திருந்தது. அதில் நுழைந்தேன். ஆபீஸ் வந்துவிட்டது.

மேடம் கையெழுத்துப் போட்டார். "வண்டி நல்லாத்தான் ஓட்டுறீங்க," என்றார். "ரெண்டு பேரும்."

வீட்டில் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யூனிட்டுக்கு அவளே போன் போட்டு என் காதில் வைத்தாள். "இல்ல சார், வரல," என்றேன். "நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார்கள். இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

வேலையின் முதல் நாள் மச்சான் வேனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு போனை மாட்டினான்.

"அத்தான், வழியப் பத்திக் கவலையே வேண்டாம். இதுவே சொல்லிடும். அது சொல்றபடி மட்டும் போங்க, மீறினா எனக்கு மணி அடிக்கும்."

"நானே பாத்துப் போறேனே, மச்சான்."

"அட சும்மா இருங்க அத்தான். ஆஸ்பத்திரிக்காரன் போட்ட கண்டிஷன். உங்களுக்கும் சுகமா இருக்கும் பாருங்க."

மனைவி படியில் நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம், அதை நான் எப்படி அணைப்பது? வண்டியைக் கிளப்பினேன். தெருமுனையில் போன் பேசியது: "இடப்பக்கம் திரும்பவும்." நல்ல இனிமையான குரல். அது முடிப்பதற்குள் என் கை திரும்பிவிட்டது.

வண்டி முழுதும் திரும்பும்வரை பக்கக் கண்ணாடியில் மனைவி கையாட்டிக்கொண்டே இருந்தாள். நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். அதை உள்ளே இழுப்பதற்குள் போன் அடுத்த திருப்பத்தையும் சொல்லிவிட்டது.