குல்லா போட்ட பாட்டில்

அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் பாட்டிலைக் காணவில்லை. குளிர் தாங்காதென்று அதற்குப் போட்டுவிட்டிருந்த, கணவன் அஸீமின் கம்பளிக் குல்லாவையும் சேர்த்துக் காணவில்லை. மஹீராவுக்குக் கை கால் ஓடவில்லை.

பிளம்ஸ் பழங்களைத் தோலோடு நறுக்கி, மலைத்தேன் விட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் குலுக்கி, மூடியைத் திறந்து மூச்சுவிட வைத்துக் காத்த தண்ணீர் அது. நுரைத்துவிட்டால் போதும், கடை ஈஸ்ட் இல்லாமலே மாவைப் பொங்க வைக்கும். ஏரிப் பக்கம் விடுதி நடத்தும் மகாதேவி அப்படியொரு ரொட்டியைத்தான் கேட்டிருந்தாள். நாளை மறுநாள் ருசி பார்த்துப் பிடித்துப்போனால் தினமும் வாங்கிக்கொள்வாள். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்த பிறகு மஹீரா தனக்கென்று ஆசைப்பட்ட சோலி இது ஒன்றுதான். இதற்கு முன் ஊறப்போட்டதெல்லாம் குளிரில் விறைத்து, ஒரு குமிழ்கூட விடாமல் பூசணம் பூத்துப் போனது. இனிப் புதிதாய்த் தொடங்க நாளில்லை.

காலையிலேயே டாக்ஸியை எடுத்துக்கொண்டு சவாரி போயிருந்த அஸீமுக்கு போன் போட்டாள். மலைப்பாதையில் சிக்னல் இல்லை.

சாயங்காலம் டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவனின் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் நிறம். அவனுக்கு முன்னால் கள்ளுக்கடை வாசனை வீட்டுக்குள் வந்தது.

“என்னங்க இது கோலம்?”

“வத்தலக்குண்டுக்கு சவாரி மஹி. கீழ நல்ல வெயிலு. பாவம், இங்க குளுந்து கெடக்குதேன்னு கூட்டிட்டுப் போனேன்.”

“கூட்டிட்டுப் போனீங்களா? அதென்ன பச்சப்புள்ளையா?”

“வளைவுல சிந்தும்னு மூடிய நல்லா இறுக்கிட்டேன். திரும்பி வாறப்ப, சோதனைச் சாவடியில பாட்டில்ல என்னன்னு கேட்டு அந்த போலீஸ்காரரு திருகிட்டாரு.”

பகலெல்லாம் குடித்த வெயிலும் அத்தனை வளைவின் குலுக்கலும் சேர்ந்து தண்ணீரை ஒரே மூச்சில் காரின் கூரை வரை சீற வைத்திருக்கின்றன.

“கள்ளான்னாரு. ரொட்டிக்குங்கன்னேன். ‘ஓ, தொட்டுக்கிறவா?’ன்னு ஊதச் சொன்னாரு. அவரு தொப்பியில ஒரு பிளம்ஸ் துண்டு ஒட்டிக்கிட்டு கெடக்கு, நான் எப்படிச் சிரிக்காம ஊதுறது?”

கத்தத்தான் வாயெடுத்தாள். கள்ளை மோந்துகூடப் பார்த்திராத மனுஷன், குல்லாவைத் திரும்பவும் மாட்டிய பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

உள்ளே தண்ணீர் இல்லை. அடியில் பழச் சக்கை மட்டும். காதருகே கொண்டுபோனாள். சிறிய இரைச்சல், தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. குமிழ்கள் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தன.

“வெரசா அந்த வெள்ளைத் துணிய எடுங்க.”

சக்கையைத் துணியில் கட்டி இருவருமாய்ப் பிழிந்தார்கள். அரை தம்ளர் தேறியது. மாவில் விட்டுக் குழைத்து ஒரு சிறு சட்டியில் வைத்தாள்.

“போதுமா மஹி?”

“தெரியலங்க.”

குல்லாவை அவன் தலையில் மாட்டப் போனாள். “அதுக்கே போடு, எனக்குக் குளுரல” என்றான், ஈரச் சட்டையில் நடுங்கிக்கொண்டே. சட்டியின் வாயில் குல்லாவை இழுத்து மாட்டினாள். அது மாவின் மேல் குழிந்து, உச்சிக் குஞ்சம் உள்ளே சாய்ந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து வந்தபோது அவன் ஏற்கனவே சட்டி முன்னால் குத்துக்காலிட்டிருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சன்னலில் மூடுபனி வெளுத்தது. நேற்று குழிக்குள் சாய்ந்து கிடந்த குல்லாவின் குஞ்சம், லேசாகத் தலை தூக்கியிருந்தது.